படத்தின் பின்பக்கம்: யாழ்ப்பாணத்து நிழற்படங்களும் உண்மை பற்றிய நமது எண்ணமும்

நிழற்படம் ஆகுமா ஆகாதா என்று நமது உலமாக்கள் நூறு வருடங்களுக்கு மேலாகப் பேசி வந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை மார்க்கத் தீர்ப்பு என்ற அளவில் மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். படம் என்றால் என்ன, அது எந்த வகையில் உண்மை என்ற விசாரணையும் அதற்குள் இருக்கிறது. வரலாறு எழுதுகிறவனுக்கு அந்த இரண்டாவது பகுதிதான் வேண்டியது.

கமரா பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் இப்னுல் ஹைதமிலிருந்துதான் தொடங்குவார்கள். இருட்டறையும் சிறு துவாரமும் அவருடைய ஆய்வில் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தப் பெருமையில் நின்றுவிட்டால் நமது கதைக்கு வந்துசேர மாட்டோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்துக்கு, எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீயிடம் போவோம். நிழற்படம் கூடும் என்று காட்டுவதற்கென்றே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. தடுக்கப்பட்டது, இல்லாத ஓர் உருவத்தைப் புதிதாக உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்புக்கு ஒப்பாக நிறுத்துவது. கமராக்காரன் எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் நிழலை ஒரு கருவியால் பிடித்து நிறுத்துகிறான். கண்ணாடியில் விழும் பிம்பம் எப்படியோ அப்படித்தான். 'ஹப்ஸுல் ழில்', நிழலைச் சிறைபிடித்தல், என்று அதைச் சொன்னார்கள்.

உர்துவில் நிழற்படத்துக்கு வழங்கும் 'அக்ஸ்' என்ற சொல்லும் பிரதிபிம்பத்தையே குறிக்கிறது. இலங்கைத் தமிழில் நாம் சொல்லும் 'நிழற்படம்' என்ற சொல் இந்த விவாதம் எதுவும் தெரியாமலேயே பகீத் அல்முதீயின் பக்கம் போய் நின்றுகொண்டது.

இதை மறுத்தவர்களும் இருந்தார்கள். தேவ்பந்தில் கற்று, பின்பு பாகிஸ்தானில் வாழ்ந்த முஃப்தி முஹம்மத் ஷஃபீ அவர்களில் முக்கியமானவர். கையால் வரைந்தால் என்ன, கருவியால் எடுத்தால் என்ன, உயிருள்ளதன் உருவம் தாளில் நிலைத்துவிட்டால் அது தஸ்வீர்தான் என்பது அவருடைய நிலைப்பாடு. இருதரப்பும் தீர்ப்பில் மோதிக்கொண்டாலும் ஓர் இடத்தில் ஒன்றுபட்டிருந்தன. படத்துக்கு முன்னால் ஒரு ஆள் நின்றார் என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. படம் பொய் சொல்லும் என்று எவரும் தடுக்கவுமில்லை, பொய் சொல்லாது என்று எவரும் தனியாக நிரூபிக்கவுமில்லை. அது பேச வேண்டிய விடயமாகவே அன்று தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்துக்குக் கமரா வந்தது 19ஆம் நூற்றாண்டில். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எஸ். கே. லோட்டன் என்ற தமிழர் இங்கே தொழில்முறைப் படப்பிடிப்பாளராக இருந்தார். அநுராதபுரத்து இடிபாடுகளைப் படமெடுத்த ஆங்கிலேயர் ஜோசப் லோட்டனோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. நமது வீடுகளுக்குள் கமரா வந்தது வேறு வாசல் வழியாக. ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் வந்து, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கிய பிறகு, படமே வேண்டாம் என்றிருந்த வீட்டிலும் ஒரு படம் இருந்தாக வேண்டும் என்றாயிற்று. சோனகத் தெருவில் எத்தனையோ மூத்தவர்கள் வாழ்நாளில் ஒரேயொரு தடவை கமராவைப் பார்த்து உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான்.

அந்தக் காலத்து ஸ்டூடியோப் படம் முழு உண்மை என்று சொல்ல நான் வரவில்லை. அப்போதும் 'டச்' பண்ணுவது இருந்தது. நெகட்டிவில் பென்சிலால் தடவி அம்மைத் தழும்பை எடுத்துவிடுவார்கள். கறுப்பு வெள்ளைக்குக் கையால் நிறம் பூசுவார்கள். பின்னால் தொங்கும் திரையில் மாளிகையும் படிக்கட்டும் இருக்கும், முன்னால் நிற்பவர் வண்டிக்காரராக இருப்பார். இரண்டு நெகட்டிவை ஒட்டி, மௌத்தாகிப் போனவரைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் வித்தையும் தெரிந்திருந்தது. ஸ்டாலினின் ஆட்கள் வேண்டாதவர்களைப் படத்திலிருந்து அழித்ததும் கத்தியும் தூரிகையும் கொண்டுதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. ஸ்டூடியோக்காரரின் பெட்டியில் நெகட்டிவ் இருந்தது. நமது பாஷையில் சொன்னால் அதுதான் அஸல். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க ஒன்று இருந்தது.

அந்த அஸலை டிஜிட்டல் இல்லாமலாக்கிற்று. 1982 பெப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் சஞ்சிகையின் அட்டையில் கீஸா பிரமிட்டுகள் வந்தன. அகலமான படம் நீளமான அட்டைக்குள் அடங்கவில்லை என்று கணினியில் ஒரு பிரமிட்டை மற்றதற்குக் கிட்டத் தள்ளி வைத்துவிட்டார்கள். நாலாயிரம் வருடம் அசையாமல் நின்ற கல்லை அசைத்ததற்கு ஒரு கீறலும் இல்லை, ஒட்டுத் தையலும் இல்லை. அன்று அதற்குப் பெரிய நிறுவனத்தின் இயந்திரம் தேவைப்பட்டது. 1990 பெப்ரவரியில் ஃபோட்டோஷொப் மென்பொருள் விற்பனைக்கு வந்தபின் மேசைக் கணினியே போதுமாயிற்று. இன்று கைப்பேசி போதும். இல்லாத ஆளையும் இல்லாத ஊரையும், கமராவே இல்லாமல், சொல்லிச் செய்விக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அங்கே சிறைபிடிக்க நிழலே கிடையாது. பகீத் அல்முதீயின் வாதத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கூடும் என்று சொல்ல முடியுமா என்பதை மார்க்கம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முஃப்தி ஷஃபீயின் மகன் முஃப்தி தகீ உஸ்மானி, தாளில் அச்சான படத்தில் தந்தையின் வழியிலேயே நின்றார். ஆனால் திரையில் தோன்றி மறைவதைத் தஸ்வீர் என்று சொல்லத் தயங்கினார். உள்ளே உருவம் எதுவும் பதிந்து கிடக்கவில்லை, நிலைத்த இருப்பு அதற்கு இல்லை என்பதே காரணம். இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு டிஜிட்டல் படத்தில் இளகிப் போனவர்கள் பலர். அதே காரணத்துக்காகத்தான் நீதிமன்றங்கள் இறுகின. உள்ளே உருவம் பதிந்து கிடக்கவில்லை என்றால் எதை மூலம் என்று நீதவான் முன்னால் வைப்பது?

இலங்கைச் சட்டம் இந்தக் கேள்வியைப் படத்துக்கு முன்பே கணினிப் பதிவில் சந்தித்துவிட்டது. 1979இல் பென்வெல் வழக்கில், கணினி தரும் சான்று நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் எந்த வகைக்குள்ளும் அடங்காது என்று நீதிமன்றம் கண்டது. அந்தக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். ஓட்டையை அடைக்க வந்த விசேட ஏற்பாடுகள் சட்டமோ 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். சரியாக நூறு வருடம், அதே இலக்கம். புதிய சட்டம் ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் கணினிப் பதிவையும் உள்ளே விட்டது, ஆனால் சும்மா விடவில்லை. கொண்டுவருகிற தரப்பு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். மறுதரப்பு கருவியையும் பதிவையும் பார்த்துச் சோதிக்க இடம் கேட்கலாம். படத்தைப் பார்த்து நம்பு என்று சட்டம் சொல்லவில்லை, படம் வந்த வழியை விசாரி என்றது.

வழி தெரியாத படம் என்ன பாடுபடும் என்பதை 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி சனல் 4 ஒளிபரப்பிய காணொளி காட்டியது. கண்கள் கட்டப்பட்டு, ஆடை களையப்பட்ட ஆட்களைச் சீருடைக்காரர் சுடும் காட்சி. போலி என்றது அரசாங்கம், தன் நிபுணர்களையும் நிறுத்தியது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அமர்த்திய நிபுணர்கள் 2010 ஜனவரியில் அது மெய்யானது என்ற முடிவைச் சொன்னார்கள். அவர்களாலும் விளக்க முடியாத ஒன்று, பதிவுக்குள் கிடந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. போர் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகு வரும் திகதி அது. சுடப்பட்டவர் யார், சுட்டவர் யார் என்பதை விட்டுவிட்டு உலகம் ஒரு கைப்பேசிக் கோப்பின் உள்ளெழுத்தைப் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பொய்யாக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்தபின், மெய்யான படத்தையும் பொய் என்று தள்ளிவிடும் வசதி வந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவனுக்கு இரண்டாவது அடி அது.

இனி நமது சொந்தக் கதை. ஃபோட்டோஷொப் வந்த அதே 1990இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். போகிற வழியில் பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள், நகைகளை வாங்கிக்கொண்டார்கள். இந்த அவசரத்தில் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எத்தனை பேர்? சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டை மட்டும் கூட வந்தது. எங்கள் வாப்பாவுக்கு இன்றுள்ள ஒரே படம் அந்த அட்டையில் இருந்ததுதான். பிற்பாடு புத்தளத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். நீலப் பின்னணியோடும், கேட்காமலே போட்டுவிட்ட கோட்டோடும் வந்தது. வாப்பா வாழ்நாளில் கோட் போட்டவரல்ல. இப்போது பேரப்பிள்ளைகளுக்கு அவர் கோட் போட்ட மூத்தவாப்பாதான்.

2011இல் வெளிவந்த வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை இந்த விடயத்தில் நமக்குக் கிடைத்த பெரிய ஆவணம். அதன் பலம் படங்களில் இல்லை, வாக்குமூலங்களில் இருக்கிறது. யார், எந்த ஊர், என்ன கண்டார், யாரோடு போனார் என்று ஆட்கள் சொன்னவை அவை. அதற்கு முன்னும் பின்னும் நமக்குள் ஒரு தாகம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த நாளின் ஒரு படம் வேண்டும், உலகத்துக்குக் காட்ட ஒரேயொரு படம்.

அந்தத் தாகத்துக்குள்தான் பொய்ப்படம் புகுந்தது. சில வருடங்களுக்கு முன் ஒக்டோபர் மாதக் கடைசியில் எங்கள் உறவுக்கார வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. கட்டாரில் இருக்கும் ஒரு தம்பி போட்டது, அவருக்கு வேறொருவர் அனுப்பியது, அவருக்கு இன்னொருவர். தண்ணீர் ஓரம், வள்ளங்கள், மூட்டைகள், தலையில் சேலையை இழுத்துப் போட்ட பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். அடியில் சிவப்பு எழுத்து: '1990 ஒக்டோபர் 30, கொழும்புத்துறை. எமது மக்கள்.' நூறு பேருக்கு மேல் கைகூப்பி, அழுது, துஆக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

புத்தளத்தில் இருக்கும் மாமியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. "நாங்க கொழும்புத்துறையில வள்ளம் ஏறேல்ல மகன். லொறியிலதான் ஏத்தினவங்கள். இது ஆரோ வேற ஆக்கள்" என்றா. கோப்பிலே தேடினால் எதுவும் கிடையாது. வட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் கமரா பதிந்துவைக்கும் திகதியும் இடமும் உரிந்து போய்விடும். படம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

ஊருக்குப் போனபோது கொழும்புத்துறைக்கே போனேன். துறை யாழ் நகரத்துக்குக் கிழக்கே, கடனீரேரிக் கரையில். அங்கே ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர், பழைய படங்களைச் சேர்த்துவைப்பவர், என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். அதே படம், தாளில், இரண்டு பக்கமும் வெட்டுப்படாமல் இருந்தது. பின்பக்கம் நீல மையில் 'கிளாலி, 95 கார்த்திகை' என்று எழுதியிருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பிப் போன கதை நமக்குத் தெரியும். அதுவும் ஒக்டோபர் 30தான். தென்மராட்சிக்குப் போனவர்களில் பெருந்தொகையானோர் பிறகு கிளாலியால் வன்னிக்குப் போனார்கள்.

"இது எங்கட சனம் தம்பி. சரியான மழை. மழைக்குத்தான் தலையில சீலையைப் போட்டிருக்கினம்" என்றார் மாஸ்டர். அந்தப் படத்தின் இடது ஓரத்தில், வட்ஸ்அப்பில் வெட்டுப்பட்டுப் போன பக்கத்தில், பொட்டு வைத்த ஒரு கிழவி இருந்தா. மாஸ்டரின் சொந்தக்காரி. வன்னிக்குப் போனவ திரும்பி வரவில்லை.

யாரோ ஒருவர் வேண்டுமென்றே பொய் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு ஒக்டோபர் 30, தலையில் துணி, கையில் மூட்டை, இவ்வளவும் போதுமாக இருந்திருக்கும். ஆனால் இதன் விலையை எண்ணிப் பாருங்கள். ஒரு சமூகத்தின் துயரத்தை எடுத்து மற்றச் சமூகத்தின் பெயரில் எழுதியாயிற்று. நாளைக்கு ஒருவர் அந்தப் படம் கிளாலி என்று காட்டிவிட்டால், 1990இல் நடந்ததே கட்டுக்கதை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு நாமே கத்தியைக் கொடுத்ததாகிவிடும். மாமி சொன்ன லொறிக் கதைக்குப் படம் இல்லை. படம் இல்லாத அந்தச் சொல் மெய்யாக நின்றது, படத்தோடு வந்த சொல் விழுந்தது.

படம் ஒரு புள்ளியும் மாறாமல் இருந்தாலும் பொய் சொல்ல வைக்கலாம் என்பதை நமது சமூகத்தை விட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து போட்டாயா என்று கூட்டம் சூழ்ந்து கேட்டது. சிங்களம் சரியாக விளங்காத காசாளர் பயத்தில் ஆம் என்பதுபோலப் பதில் சொன்னார். கைப்பேசியில் பதிந்த அந்தக் காணொளி வெட்டி ஒட்டியது அல்ல. அவர் அப்படிச் சொன்னது நடந்தது. சொன்னதற்கு வைத்த அர்த்தம்தான் பொய். கட்டியில் இருந்தது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் அம்பாறைப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டு, மார்ச் முதல் வாரத்தில் திகனையும் எரிந்துவிட்டது. பேஸ்புக் நிறுவனம் தன் தளம் இதில் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின், 2019 ஏப்ரல் 25ஆம் திகதி பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில் ஒன்று அமாரா மஜீதினுடையது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மாணவி, இலங்கை வம்சாவளியினர், தாக்குதலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். படம் அவருடையதுதான், பெயர் வேறொருத்தியுடையது. பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர். பள்ளிவாசல் வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை நாம் நின்று வாசித்த நாட்கள் அவை. தலையில் துணி போட்ட எந்தப் படத்துக்கும் எந்தப் பெயரும் பொருந்திவிடும் என்று அப்போது தெரிந்தது. கிளாலிப் படத்துக்கு நடந்ததும் அதுதான், திசை மட்டும் வேறு.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. செய்தியின் உடல் மத்ன், அது வந்த சங்கிலி சனது. மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சனதில் ஒரு ஆள் அறுந்தால் அறிவிப்பு பலவீனம். யாரிடம் கேட்டார், அவர் இவரைச் சந்தித்திருக்க முடியுமா, ஞாபகசக்தி எப்படி, பொய் சொன்ன பழக்கம் உண்டா என்று அஸ்மாஉர் ரிஜால் நூல்களில் ஆயிரக்கணக்கான ஆட்களை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிழற்படம் வந்தபோது அந்தப் பழக்கத்தை நாம் அதற்குப் பொருத்தவில்லை. காரணம், நிழலுக்கு அறிவிப்பாளன் தேவையில்லை என்று நினைத்தோம். கருவியே சாட்சி, அது பொய் சொல்லாது. ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் அந்த நம்பிக்கை ஓடியது. இப்போது படமும் மற்றச் செய்திகளைப் போல ஒரு செய்தியாகிவிட்டது. கட்டாரில் இருந்து அனுப்பிய தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் அவருக்கு மேலே உள்ள ஆட்கள் மஜ்ஹூல், யாரென்றே தெரியாதவர்கள்.

கொழும்புத்துறையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது செம்மணி. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, பிள்ளைகளுடையதும் அவற்றில் உண்டு. நீதிமன்ற மேற்பார்வையில், இலக்கம் போட்டு, அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் படமெடுத்தார்கள். அங்கே படம் தனியாக நிற்கவில்லை. தோண்டியவர், எழுதியவர், முத்திரை வைத்தவர், பொறுப்பேற்றவர் என்று ஆட்களின் வரிசை ஒன்று அதோடு நின்றது. அதே ஓகஸ்டில் உடைகளையும் பொருட்களையும் பொதுமக்கள் நேரில் வந்து பார்க்க வைத்தார்கள், பிள்ளையின் சட்டையைத் தாய் தன் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்வதற்காக. அந்த இடத்தைத் தொடர்ந்து படமெடுத்து வந்த ஊடகவியலாளர் குமணன் அந்த மாதமே பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவுக்கு அழைக்கப்பட்டார். படத்துக்கு இப்போது மதிப்பில்லை என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நமது பக்கத்தில் வேலை வேறு. 1990க்கு முந்திய யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் படங்கள் இன்று புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு என்று சிதறிக் கிடக்கின்றன. ஒஸ்மானியாக் கல்லூரிக் குழுப்படம், கலியாண வீட்டுப் படம், கடை திறப்பு என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றிரண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நமது சமூகத்து ஆவணங்களும் ஏறிக்கொண்டிருப்பது பெரிய உதவி. ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளைகள் படத்தைக் கைப்பேசியால் முன்பக்கம் மட்டும் எடுத்து, ஓரத்தை வெட்டி, செயலியில் போட்டு நிறம் ஏற்றி, முகத்தைப் பளிங்காக்கிக் குழுவில் விடுகிறார்கள். முகத்தில் இல்லாத கண்ணிமையைச் செயலி தானே வரைந்துவிடுகிறது. தாளைப் பிறகு எங்கேயோ போட்டுவிடுகிறார்கள்.

தாளின் பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும், திகதி இருக்கும், சிலவேளை உம்மாவின் அரபுத்தமிழ்க் கையெழுத்தில் பெயர்கள் இருக்கும். பிரதி எடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், நிறம் ஏற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும், யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது, யாரிடமிருந்து வந்தது, படத்தில் உள்ளவர்களை அடையாளம் சொன்னது யார் என்று கூடவே எழுத வேண்டும். அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கொழும்புத்துறை மாஸ்டரின் பேணியில் நமது ஆட்களின் படம் இரண்டும் இருந்தது, 1970களில் ஏதோ பாடசாலை விழாவில் எடுத்தது. ஒன்றின் பின்னால் ஏழு பெயர்கள். மாமிக்குக் காட்டியபோது ஐந்து பேரைச் சொன்னா. மற்ற இரண்டு பெயர்களும் யார் யாருடைய முகம் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.